செவ்வாய்ப் பிரயாணமும் அணு மின்சாரமும்

மனிதன் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகப் போகிறான் என்றும், அதுவும் எட்டு மாதம் ஒன்பது மாதம் என்று வழியிலேயே காலத்தைக் கழிக்காமல் 39 நாளில் போய்ச் சேர்ந்து விடுவான் என்றும் சில வருஷங்களாகவே பத்திரிகைகளில் சேதி வந்து கொண்டிருக்கிறது. அணு உலையிலிருந்து மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால் ஓடுகிற யந்திரம் ஒன்றை விண்கப்பலில் பொருத்தி விட்டால் இது நடந்து விடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் ஆதாரம். இந்தச் சேதியைப் படிப்பவர்களில் ஒரு சாரார் "ஆகா! விஞ்ஞானம் எதைத்தான் செய்யாது!" என்று வாயைப் பிளக்கிறார்கள். மற்றொரு சாரார் "இதெல்லாம் நடக்கிற காரியமா? வெறும் மனக்கோட்டை" என்று சிரித்து விட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

நம்மைக் கேட்டால், இரு சாராரும் செய்கிற தவறு ஒன்றேதான் என்று சொல்லுவோம். இருவரும் கணக்குக் கேட்கவில்லை. நம்புவதற்கும் கணக்கு வேண்டியதில்லை. நகைப்பதற்கும் கணக்கு வேண்டியதில்லை. தெரிந்து கொள்ளுவதற்குத்தான் கணக்கு வேண்டும். சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனால்கூடத் தராசைப் பார்க்காமல் காசு கொடுக்காத நாம், விஞ்ஞானம் என்ற பேரைச் சொல்லி விட்டால் மாத்திரம் எடை கேட்காமல் தலையாட்டுவதென்றால், அதற்குப் பகுத்தறிவு என்ற பேர் பொருந்துமா? செவ்வாயை ஜாதகக் கட்டத்தில் தேடுகிறவர்களிடம் இன்று நமக்குப் பேச்சில்லை. அதை ஆகாயத்தில் தேடுகிறவர்களிடமே பேசுகிறோம்.

முதலாவது, இவ்வளவு வேகம் எதற்கு என்பதைப் பார்ப்போம். மங்கள்யான் என்னும் நமது நாட்டுக் கருவி 2013-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி புறப்பட்டு 2014 செப்டம்பர் 24-ந் தேதிதான் செவ்வாயைச் சேர்ந்தது. கருவிக்குப் பசி இல்லை, எலும்பு இல்லை, இரத்தம் இல்லை. பத்து மாதமானாலும் அதற்கு ஒன்றே. மனிதன் சங்கதி அப்படியல்ல. கனமே தெரியாத இடத்தில் மிதந்து கொண்டிருப்பவனுக்கு, உடல் பாரத்தைத் தாங்குகிற இடுப்பு, தொடை எலும்புகளில் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை பங்கு வரை சத்துக் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். இது உடற்பயிற்சியால் ஓரளவு தடுக்கக் கூடியது. தடுக்க முடியாத ஆபத்து வேறொன்று உண்டு. அதுதான் நட்சத்திர மண்டலங்களிலிருந்து வந்து பாயும் அண்டக் கதிர்.

2011 நவம்பரில் புறப்பட்டு 2012 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி என்ற அமெரிக்க வண்டி, தான் போன வழியெல்லாம் இந்தக் கதிரை அளந்து கொண்டே போயிற்று. நாள் ஒன்றுக்கு 1.8 மில்லிசீவர்ட் என்று அது கண்டது. பூமியில் இயற்கையாக ஒரு மனிதன் மேல் படுவது சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது இங்கே ஒன்பது மாதத்தில் நம்மேல் படுவது அங்கே ஒரே நாளில் பட்டு விடுகிறது. போக ஆறு மாதம், வர ஆறு மாதம் என்று வைத்துக் கொண்டால் வழிநடையில் மாத்திரம் சுமார் 650 மில்லிசீவர்ட் ஆகிறது. ஒரு விண்வெளி வீரர் தமது உத்தியோக காலம் முழுவதிலும் ஏற்கலாம் என்று அமெரிக்காவின் நாசா ஸ்தாபனம் 2022-ல் வைத்துக் கொண்ட எல்லையே 600 தான்! இந்தக் கதிரைத் தடுக்கப் போதுமான கனமுள்ள சுவரை எழுப்பினால் கப்பலே நகராது. ஆகவே வழியில் இருக்கும் நாளைக் குறைப்பதே மருந்து. வேகம் வேண்டும் என்பது ஆடம்பரத்துக்காக அல்ல, போகிறவன் உயிரோடும் உடல் நலத்தோடும் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் என்பதை வாசகர்கள் மனதில் வைக்க வேண்டும்.

அப்படியானால் இப்பொழுதிருக்கிற ராக்கெட்டையே இன்னும் வேகமாக விடக்கூடாதா என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொன்னவர் ருஷியாவில் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். சியோல்கோவ்ஸ்கி என்று பேர். 1857-ல் பிறந்து, சிறு வயதிலேயே விஷ ஜுரத்தால் காது மந்தமாகி, பள்ளிப் படிப்பும் தடைப்பட்டு, புத்தக சாலைகளில் உட்கார்ந்து தாமே படித்து அறிவைத் தேடிக் கொண்டவர். 1903-ல் அவர் வெளியிட்ட கணக்குதான் இன்றைக்கும் எல்லா ராக்கெட்டுக்கும் சட்டம். அதன் சாரம் இதுதான்: நீண்ட தூரம் நடக்கிறவன் கட்டுச்சோறு எடுத்துப் போகிறான். தூரம் அதிகமானால் சோற்று மூட்டை பெரிதாகி, அதைச் சுமக்க ஒரு கூலியாள் வேண்டியதாகிறது. அந்தக் கூலியாளுக்கும் சோறு வேண்டும். அந்தச் சோற்றைச் சுமக்க இன்னொரு ஆள். கடைசியில் ஊருக்குப் போகிறவன் ஒருவன், சோறு சுமக்கிறவர்கள் ஒரு பட்டாளம் என்றாகி விடுகிறது.

எண்ணிலேயே சொல்லுவோம். 100 டன் எடையுள்ள கப்பலுக்கு நொடிக்கு 9 கிலோமீட்டர் வேகம் கூட்ட வேண்டுமென்று வையுங்கள். ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் எரித்தால் வாயு வெளியே போகும் வேகம் நொடிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர். இதைக் கொண்டு அந்த வேகத்தை அடையும்போது 100 டன்னில் மிஞ்சுவது 13½ டன் தான். பாக்கியெல்லாம் எரிந்து போயிற்று. அதே காரியத்தை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வாயுவைத் தள்ளுகிற யந்திரத்தால் செய்தால் 74 டன் மிஞ்சுகிறது. எரிக்கிற எதனாலும் அந்த 30 கிலோமீட்டர் வராது, மின்சாரத்தால் வரும். ஸெனான் போன்ற ஒரு வாயுவின் அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்து, மின்சாரத்தாலேயே அவற்றைப் பின்பக்கமாக விரட்டுவதுதான் இந்த யந்திரத்தின் வேலை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1964 ஜூலையிலேயே அமெரிக்கர்கள் இவ்விதமான யந்திரம் ஒன்றை விண்வெளியில் 31 நிமிஷம் ஓட்டிக் காட்டினார்கள். 2007-ல் புறப்பட்ட டான் என்னும் கப்பல் இந்த யந்திரத்தைக் கொண்டே 2011-ல் வெஸ்டா என்ற சிறு கிரகத்தைச் சுற்றி, பிறகு அதை விட்டுக் கிளம்பி 2015-ல் சீரிஸைச் சுற்றியது. அதற்கு முன் எந்தக் கப்பலும் இப்படி ஒன்றைச் சுற்றி விட்டு இன்னொன்றைச் சுற்றியதில்லை. அது கொண்டு போன ஸெனான் 425 கிலோதான். அதைக் கொண்டு நொடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தைக் கூட்டிக் கொண்டது.

ஆனால் இங்கேதான் எடை கேட்க வேண்டிய இடம் வருகிறது. அந்த டான் யந்திரம் தள்ளிய பலம் எவ்வளவு தெரியுமா? உள்ளங்கையில் ஒரு தாள் காகிதத்தை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான்! அந்த அழுத்தத்தை மொத்தத்தில் ஏறக்குறைய ஆறு வருஷ காலம் கொடுத்துத்தான் அந்த வேகம் வந்தது. உயிரில்லாத கருவிக்கு இது போதும். பல டன் எடையுள்ள வீடும் தண்ணீரும் சாப்பாடும் மனிதர்களும் போகிற கப்பலுக்கு இதைப் போல் பல நூறு மடங்கு பலம் வேண்டும்; அதற்குப் பல நூறு மடங்கு மின்சாரம் வேண்டும். டான் கப்பல் வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்தது. செவ்வாயில் விழும் வெயில் பூமியில் விழுவதில் பாதிக்கும் குறைவு. வியாழனுக்குப் போனால் இருபத்தைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவேதான் வெயிலை எதிர்பாராத அணு உலையைத் தேடுகிறார்கள். ஒரு கிலோ யுரேனியம் முழுதும் பிளந்தால் கிடைக்கிற உஷ்ணம் சுமார் 3000 டன் நிலக்கரி எரிந்து கிடைக்கும் உஷ்ணத்துக்குச் சமம் என்றால், அந்த ஆசை நியாயமானதே.

சரி, உலை உஷ்ணத்தைக் கொடுக்கிறது. உஷ்ணத்தை மின்சாரமாக்கும்போது நாலில் ஒரு பங்கு மின்சாரமானால் பாக்கி மூன்று பங்கு உஷ்ணமாகவே நிற்கிறது. அதை எங்கே கொட்டுவது? பூமியிலுள்ள மின்சார நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறோ கடலோ இருக்கிறது. சுற்றிலும் காற்று இருக்கிறது. விண்வெளியிலே காற்றுமில்லை, தண்ணீருமில்லை. காய்ச்சின இரும்பு அனல் வீசுகிறதே, அது போலத் தகடுகளை விரித்து உஷ்ணத்தை வீச வேண்டியதைத் தவிர வேறு வழியில்லை. 1000 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் உலைக்கு, தகட்டின் சூடு 227 டிகிரி என்றால் கால் ஏக்கர் பரப்பு வேண்டியிருக்கிறது. சூட்டை 727 டிகிரிக்கு ஏற்றினால் பரப்பு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் தகட்டின் பக்கம் சூடு ஏற ஏற மின்சாரம் குறையும். அதைச் சரிக்கட்ட உலையின் சூட்டை இன்னும் ஏற்ற வேண்டும். அந்தச் சூட்டை வருஷக்கணக்கில் தாங்குகிற உலோகம் வேண்டும். இதற்கு மேல், உலையின் கதிர் மனிதர் மேல் படாதபடி இடையில் ஒரு கனமான தடுப்பும், உலையைத் தூரத்தில் வைக்க நீண்ட கம்பமும் வேண்டும். இவ்வளவையும் சேர்த்துத் தராசில் வைத்தால், ஒரு கிலோவாட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ எடை? தோழர்களே, இந்த ஒரு கேள்விதான் முழு விஷயமும். அணு மின்சாரக் கப்பல் என்று யார் வந்து சொன்னாலும் இந்த ஒன்றைக் கேட்டு விட்டால் போதும். மீதியெல்லாம் தானே விளங்கி விடும்.

அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் கூட்டிய ஒரு கமிட்டி, மனிதரைச் செவ்வாய்க்கு அனுப்பும் இந்த விஷயத்தை ஆராய்ந்து 2021-ல் அறிக்கை வெளியிட்டது. 1000 முதல் 2000 கிலோவாட் வரை மின்சாரம் வேண்டும், கிலோவாட்டுக்கு 20 கிலோவுக்கு மேல் எடை போகக் கூடாது, உலை 4 வருஷம் பழுதில்லாமல் ஓட வேண்டும் என்று அது இலக்குக் குறித்தது. இதன்படி 1000 கிலோவாட் நிலையம் 20 டன் ஆகிறது. 100 டன் கப்பலில் அதை வைத்து ஓட்டினால் தள்ளும் பலம் சுமார் 4 கிலோ கனம். 100 டன்னுக்கு 4 கிலோ! அப்படியும் விடாமல் தள்ளினால் நாளொன்றுக்கு மணிக்கு 125 கிலோமீட்டர் வீதம் வேகம் கூடி, 100 நாளில் நொடிக்கு மூன்றரை கிலோமீட்டர் கூடி விடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற கதைதான். ஆனால் பூமியின் பிடியிலிருந்து கிளம்பும்போது இந்த எறும்பு நடை போதாது. மாதக் கணக்கில் பூமியையே சுற்றிக் கொண்டிருக்க நேரும். அதனால்தான் அந்தக் கமிட்டியும் கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் உதவிக்குப் பழைய எரிபொருள் ராக்கெட்டையும் கூடவே சேர்த்துச் சொல்லிற்று.

இப்பொழுது 39 நாள் சங்கதிக்கு வருவோம். இதைச் சொன்னவர் பிராங்க்ளின் சாங் தியாஸ். கோஸ்டா ரிக்கா நாட்டில் பிறந்து, ஏழு முறை விண்வெளிக்குப் போய் வந்தவர், சாமானியரல்ல. அவர் செய்திருக்கிற மின்சார யந்திரமும் பொய்யல்ல; 2021 ஜூலையில் 80 கிலோவாட்டில் 88 மணி நேரம் தொடர்ந்து ஓடியது. ஆனால் 39 நாளில் போக அவர் போட்ட கணக்கில் இருப்பது 200 மெகாவாட், அதாவது 2 லட்சம் கிலோவாட். கிலோவாட்டுக்கு 20 கிலோ என்ற இலக்கின்படி பார்த்தால் மின்சார நிலையம் மாத்திரம் 4000 டன். பல நாடுகள் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் கட்டிய சர்வதேச விண்வெளி நிலையமே சுமார் 420 டன் தான் என்றால், 4000 டன்னை யார் தூக்குவது? ஆகவே அவர் கணக்கில் கிலோவாட்டுக்கு ஒரு கிலோ என்ற அளவுக்கு எடை குறைந்தாக வேண்டியிருக்கிறது. கமிட்டியின் இலக்கான 20-யே இன்னும் யாரும் செய்து காட்டவில்லை. 39 நாள் என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகளில் எத்தனை இந்த ஒரு கிலோவைச் சொல்லின? யந்திரம் செய்தவர் மேல் குற்றமில்லை. நிபந்தனையை மறைத்துப் பலனை மாத்திரம் சொல்லுகிற வியாபாரத்தின் மேல்தான் குற்றம். இன்ன பரிகாரம் செய்தால் இன்ன பலன் என்று சொல்லுகிறவனுக்கும் இவர்களுக்கும் இந்த ஒரு காரியத்தில் வித்தியாசம் என்ன?

இதைக் கேட்டதும் "அப்படியானால் நாங்கள் சிரித்தது சரிதானே" என்று மற்றொரு சாரார் கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒரு பழைய சங்கதியை ஞாபகப்படுத்துகிறோம். 1920 ஜனவரியில், ராக்கெட் ஆராய்ச்சி செய்த கொடார்டு என்ற அமெரிக்கப் பேராசிரியரைக் கேலி செய்து 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை தலையங்கம் எழுதிற்று. காற்றில்லாத வெளியில் ராக்கெட் எதைத் தள்ளிக் கொண்டு போகும், பள்ளிக்கூடத்துப் பாடம்கூட இவருக்குத் தெரியவில்லையே என்பது அதன் கருத்து. கொடார்டு 1945-ல் இறந்து போனார். 1969 ஜூலை 16-ல் மனிதரைச் சந்திரனுக்கு ஏற்றிக் கொண்டு ராக்கெட் கிளம்பிய மறுநாள்தான் அப்பத்திரிகை தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது. தலையங்கம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் இது ஒரு பாடம்; நமக்கும்தான். இயற்கை தடுக்கிறது என்பது வேறு, இன்னும் செய்யவில்லை என்பது வேறு. அணு மின்சாரக் கப்பலை எந்த இயற்கை விதியும் தடுக்கவில்லை.

பின்னே தடுத்தது எது? மனிதன்தான். 1942 டிசம்பர் 2-ந் தேதி சிக்காகோ நகரில் முதல் அணு உலை உயிர் பெற்றது. மூன்று வருஷம் முடியுமுன்னே 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் சாம்பலாயின. 1955 ஜனவரியில் நாட்டிலஸ் என்ற போர்க் கப்பல் அணு உலையால் கடலுக்கடியில் ஓடக் கிளம்பிற்று. கொல்லுகிற காரியத்துக்குப் பணம் ஒரு நாளாவது நின்றதா? விண்வெளிக் கணக்கைப் பாருங்கள். 1965 ஏப்ரல் 3-ந் தேதி அமெரிக்கா தனது முதல் உலையை விண்ணில் ஏற்றியது. 500 வாட் அளவுக்கு மின்சாரம் கொடுத்து 43 நாள் ஓடிய பிறகு, உலையில் கோளாறில்லாமல், அதைத் தாங்கிய கப்பலின் மின்சாரக் கருவியில் கோளாறு ஏற்பட்டு நின்று போயிற்று. அதற்குப் பிறகு அந்த நூற்றாண்டு முடியும் வரை அந்நாடு மற்றோர் உலையை ஏற்றவே இல்லை. ருஷியா முப்பதுக்கு மேல் ஏற்றிற்று. அவற்றில் பெரும்பாலானவை எதிரி தேசத்துப் போர்க் கப்பல்களை வேவு பார்க்கவே! 2003-ல் வியாழனின் சந்திரன்களுக்கு அணு மின்சாரக் கப்பல் அனுப்புவதென்று நாசா தொடங்கிய பிரமீதியஸ் திட்டம் பல கோடி டாலர் செலவான பின் 2005-ல் கைவிடப்பட்டது. அணு உஷ்ணத்தாலேயே வாயுவைத் தள்ளும் வேறு வகை ராக்கெட் ஒன்று 2023-ல் ஆர்ப்பாட்டமாக அறிவிக்கப்பட்டு 2025-ல் நிறுத்தப்பட்டது. இந்த ஆராய்ச்சிக்குப் பணம் குறைவாகவும் விட்டு விட்டும் போடப்பட்டதால்தான் வேலை முன்னேறவில்லை என்று மேலே சொன்ன கமிட்டியே எழுதியிருக்கிறது. விதையை ஊன்றுவதும், முளை வந்ததும் பிடுங்குவதும், அடுத்த வருஷம் "மண் சரியில்லை" என்பதுமாக இருந்தால் எந்தப் பயிர் விளையும்?

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2018 மார்ச்சில் நெவாடா பாலைவனத்தில் ஒரு சிறு உலையை 28 மணி நேரம் நடத்திக் காட்டினார்கள். மூன்றரை வருஷத்தில், 2 கோடி டாலருக்கும் குறைவான செலவில், தலைப்புச் சேதிக்காக அலையாமல் செய்த வேலை அது. சிறு உலைதான். ஆனால் கையில் எடுத்ததை முடித்தார்கள். அந்த வழிதான் வழி.

கடைசியாக ஒன்று. போகிறவர்களின் உயிரைப் போலவே போகாதவர்களின் உயிரும் முக்கியம். 1978 ஜனவரி 24-ந் தேதி காஸ்மாஸ் 954 என்ற ருஷிய வேவுக் கருவி, ஓடிப் பழகிய உலையோடு கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் சிதறி விழுந்தது. பனியில் நூற்றுக்கணக்கான மைல் தூரம் விஷத் துணுக்குகளைப் பொறுக்க வேண்டியதாயிற்று. கனடா 60 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கேட்டது. ருஷியா 1981-ல் 30 லட்சம் கொடுத்தது. அங்கே வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஆதி குடிகளை, உங்கள் தலைக்கு மேல் உலையைச் சுற்ற விடலாமா என்று யாராவது முன்கூட்டிக் கேட்டார்களா? ஓடத் தொடங்காத உலையில் கதிர் ஆபத்து மிகச் சொற்பம். ஓடிய உலையில்தான் விஷம் சேருகிறது. ஆகவே போய்ச் சேர வேண்டிய பாதையை அடையும் முன் உலையை மூட்டக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 1992-ல் கொள்கை வகுத்திருக்கிறது. நல்ல கொள்கை. கொள்கை காகிதத்தில் இருந்தால் போதாது. ஒவ்வொரு கப்பலுக்கும் அதை நடத்திக் காட்ட வேண்டும். செவ்வாயிலிருந்து திரும்பி வரும் கப்பலின் உலையைப் பூமிக்குப் பக்கத்தில் கொண்டு வராமல் எங்கே விடுவது என்பதற்கும் கிளம்பும் முன்பே பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே தோழர்களே, அணு மின்சாரத்தால் கிரகங்களுக்கிடையே விரைவாகப் பிரயாணம் செய்வது முடியாத காரியமென்று நாம் சொல்லவில்லை. 39 நாளில் நாளைக்கே முடிகிற காரியமென்று சொல்லுகிறவர்களையும் நம்பவில்லை. கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ? எத்தனை வருஷம் பழுதில்லாமல் ஓடும்? மூன்று பங்கு உஷ்ணத்தை எந்தத் தகட்டில் வீசுவாய்? உலையை எங்கே மூட்டுவாய், எங்கே விடுவாய்? இந்த நாலு கேள்விக்கும் பூமியிலேயே ஓட்டிக் காட்டிப் பதில் சொல்லுகிறவனுக்குப் பணம் கொடுக்கட்டும். இடையில் நிறுத்தாமல் கொடுக்கட்டும். பதிலில்லாமல் தேதி மாத்திரம் சொல்லுகிறவனைத் தராசுக்கு அனுப்பட்டும். காது கேளாத ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் தாமே படித்துப் போட்ட கணக்கு நூறு வருஷம் கழித்தும் நிற்கிறது. அவரைப் பார்த்துச் சிரித்தவர்களின் சிரிப்பு நிற்கவில்லை. இனிமேல் இப்படிப்பட்ட சேதியைப் படிக்கும்போது வாயைப் பிளக்காமலும், சிரித்துத் தள்ளாமலும், எடை என்ன என்று கேட்க நமது வாசகர்கள் பழகிக் கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.